ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் கோடு: சென்சார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

செங்கோட்டையிலிருந்து புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்வரும் பெட்ரோல் கார்களில் அடிக்கடி பார்க்கிற கோடு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண், பி0135. கூடவே வருவது பி0141. ஸ்கேனரில் ‘ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் சர்க்யூட்’ என்று வந்ததும் பாதிப் பேர் நேரே ஸ்பேர் கடைக்குப் போய்விடுகிறார்கள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, இதை மட்டும் மாட்டிக் குடுங்க” என்று வந்து நிற்பார்கள். மாட்டலாம்தான். ஆனால் அந்தக் கோடு சென்சார் போய்விட்டது என்று சொல்லவே இல்லை. ஹீட்டருக்குக் கரண்ட் போய்வரும் பாதையில் எங்கோ கோளாறு என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. அந்தப் பாதையில் ஃபியூஸ், ரிலே, கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்), சைலன்சரை ஒட்டி ஓடும் ஒயர், கடைசியில் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) என்று வரிசையாக இருக்கின்றன. சென்சார் அதில் ஒரு ஆள். சில ஆயிரம் ரூபாய் போட்டு அதை மாற்றுமுன் மற்றவர்களை விசாரிக்க அரை மணி நேரம் போதும்.

கீழே இருப்பது அறிகுறி வாரியாக. உங்கள் வண்டி எதைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்குப் போங்கள். ஆனால் முதல் அறிகுறியின் கீழ் உள்ள சோதனைகள்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதை எல்லோரும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. டீசல் வண்டி சமாசாரம் இதில் இல்லை.

ஹீட்டருக்கு என்ன வேலை

சென்சாருக்குள் இருப்பது சிர்கோனியா பீங்கான். அது சுமார் 300, 350 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும். ஆரம்பத்தில் புகையின் சூட்டையே நம்பியிருந்தார்கள். 1982-இல் பாஷ் நிறுவனம் உள்ளேயே ஹீட்டர் வைத்த சென்சாரைக் கொண்டுவந்தது. வாளித் தண்ணீரில் போடுகிற ஹீட்டர் ராடு மாதிரிதான் அதுவும்: ஒரு பக்கம் 12 வோல்ட், மறு பக்கம் எர்த். ஒரே வித்தியாசம், எர்த்தை ஈசியூ தன் கையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டுக் கொடுக்கும். ஹீட்டர் நன்றாக இருந்தால் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் சென்சார் பேச ஆரம்பித்துவிடும். இல்லாவிட்டால் புகை சூடேறும்வரை சில நிமிடங்கள் ஈசியூ குத்துமதிப்பாகப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

எந்த சென்சார், எந்த ஒயர்

மூன்று, நாலு சிலிண்டர் கார்களில் பொதுவாக பேங்க், அதாவது சிலிண்டர் வரிசை, ஒன்றுதான். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1, பின்னால் இருப்பது சென்சார் 2. பி0135, பி0030, பி0031, பி0032 எல்லாம் முன் சென்சாருக்கு. பி0141, பி0036, பி0037, பி0038 பின் சென்சாருக்கு. பி0155, பி0161 வந்தால் அது வி-6 மாதிரி இரண்டு பேங்க் உள்ள எஞ்சின். பின் சென்சார் கோடு வந்த வண்டிக்கு முன் சென்சாரை மாற்றிவிட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

நாலு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர் ஹீட்டருடையது. பாஷ், என்டிகே சென்சாரில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் சிக்னல் எர்த். டென்சோவில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். கறுப்பு என்றால் எர்த் என்று நினைத்துக் கை வைத்துவிடாதீர்கள். இந்த நிறக் கணக்கு சென்சார் பக்கத்து ஒயருக்கு மட்டும்தான். கப்ளரைத் தாண்டி வண்டிப் பக்கம் போனால் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஐந்து, ஆறு ஒயர் இருந்தால் அது காற்று-பெட்ரோல் விகிதத்தை இன்னும் விரிவாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார். பாஷ் வைட்பேண்டில் ஹீட்டர் ஒயர் சாம்பலும் வெள்ளையும். அங்கே ஒரே நிறத்தைத் தேடிப் பயனில்லை.

கையில் என்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து ஒரு டெஸ்ட் லேம்ப், பார்க்கிங் லைட்டின் 5 வாட் பல்பில் இன்னொன்று. வண்டியின் ஓபிடி (தன் கோளாறைத் தானே பதியும் ஏற்பாடு) சாக்கெட்டில் செருகி, போனோடு புளூடூத்தில் சேரும் டாங்கிள் ஒன்று. நம் நாட்டில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம் என்பதால் அதற்குப் பின் வந்த வண்டியில் இந்த டாங்கிள் தயங்காமல் பேசும். பெரிய ஸ்கேனர் இருந்தால் வசதி. இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது பல்புதான்.

அறிகுறி: செக் எஞ்சின் லைட் எரிகிறது, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது

அதிகம் வருவது இதுதான். “லைட்டு மட்டும்தான் கத்துது, வேற குழப்பம் ஒண்ணும் இல்ல” என்று புனலூர்க்காரர் பாதி மலையாளத்தில் சொல்வார். அவர் சொல்வது உண்மையும்கூட. எஞ்சின் சூடான பிறகு புகையின் சூட்டிலேயே சென்சார் வேலை செய்துவிடுவதால் ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

முதலில் ஃபியூஸ். பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியின் மூடியில் உள்ள படத்தையோ வண்டிப் புத்தகத்தையோ பாருங்கள். ‘ஓ-டூ ஹீட்டர்’ என்றே எழுதியிருக்கலாம். பல வண்டிகளில் அப்படித் தனியாக இருக்காது. கேனிஸ்டர் பர்ஜ் வால்வு (பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடுவது), வேறு சில வால்வுகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஃபியூஸில் இருக்கும். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பதோடு விடாமல் அது உட்காரும் இடத்தையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தாலோ பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தாலோ ஃபியூஸ் நன்றாக இருந்தும் கரண்ட் போகாது. முன், பின் இரண்டு ஹீட்டருக்கும் ஒரே நேரத்தில் கோடு வந்திருந்தால் ஏறக்குறைய நிச்சயமாக இந்த இடம்தான். இரண்டு சென்சாரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் சாகாது.

அடுத்தது கப்ளரில் சப்ளை. வண்டி ஆறியிருக்கும்போது சென்சார் கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கத்துக் கப்ளரில் ஹீட்டருக்கான இரண்டு பின்னையும் (உலோக முனைகளை) கண்டுபிடியுங்கள். சென்சார் பக்கத்து ஒயர் நிறத்தை எதிரெதிராக வைத்துப் பார்த்தால் போதும். சாவியை ஆன் செய்து மீட்டரில் பேட்டரி வோல்ட் ஒரு பின்னில் வருகிறதா பாருங்கள். சில வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் வரும். அதனால் வரவில்லை என்று முடிவு கட்டுமுன் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

12 வோல்ட் வந்ததும் “சப்ளை ஓகே” என்று எழுந்துவிடுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய பொறி. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும், பின்னில் துரு மூடியிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். ஹீட்டர் கேட்பது ஒரு ஆம்பியருக்கு மேல். அதனால் அந்தப் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 21 வாட் பல்பைப் போடுங்கள். அது சுமார் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும், ஏறக்குறைய ஹீட்டர் அளவு பாரம். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியும்போதே பின்னில் மீட்டரை வைத்தால் பேட்டரி வோல்ட்டுக்கும் இதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சும்மா இருக்கும்போது 12.4 காட்டி, பல்பு போட்டதும் 7, 8 என்று சரிந்தால் ஃபியூஸ் பெட்டிக்கும் கப்ளருக்கும் நடுவில்தான் கள்ளன்.

மூன்றாவது, ஈசியூ எர்த் கொடுக்கிறதா. இதற்கு 5 வாட் பல்பு. பெரிய பல்பைப் போட்டால் அது எரியத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் கரண்ட் ஈசியூவின் டிரைவருக்கு (எர்த்தைப் போட்டு அணைக்கும் உள் சுவிட்சுக்கு) அதிகம். கப்ளரின் இரண்டு ஹீட்டர் பின்னுக்கும் குறுக்கே பல்பைச் செருகி, கோடை அழித்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். கோடை அழிப்பது முக்கியம். கோளாறு பதிவாகியிருந்தால் ஈசியூ ஹீட்டரை இயக்குவதையே நிறுத்திவைத்திருக்கலாம், நீங்கள் ஈசியூவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு மின்னும், அல்லது மங்கலாக எரியும். சில வண்டிகளில் ஸ்டார்ட் ஆனதும் எரியாது. புகைக் குழாயில் தேங்கிய ஈரம் சூடான பீங்கானில் பட்டால் விரிசல் விடும் என்பதால் ஈரம் காயும்வரை ஈசியூ ஹீட்டரை முழுதாக ஏற்றாது. சாரல் நாளில், காலை முதல் ஸ்டார்ட்டில் இது நன்றாகவே தெரியும். ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

நாலாவதுதான் சென்சார். சென்சார் பக்கத்துக் கப்ளரில் ஒரே நிற ஒயர் இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். வண்டியைப் பொறுத்து 2, 3 ஓமிலிருந்து 15, 16 ஓம்வரை வரலாம். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மேனுவல் இல்லை என்றால் அதே மாடல் இன்னொரு வண்டியில் அளந்து ஒப்பிடுவது எளிது. குறைந்த ஓம் உள்ள சென்சாரில் மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். மீட்டர் ‘ஓஎல்’ (அளவுக்கு எட்டவில்லை, அதாவது தொடர்பே இல்லை) காட்டினால் ஹீட்டர் கம்பி அறுந்துவிட்டது. இப்போது புது சென்சார் வாங்கலாம். ஹீட்டர் பின்னுக்கும் சென்சாரின் இரும்பு உடம்புக்கும் நடுவிலும், ஹீட்டர் பின்னுக்கும் சிக்னல் பின்னுக்கும் நடுவிலும் ஒருமுறை பாருங்கள். அங்கேயெல்லாம் ‘ஓஎல்’ வருவதுதான் நல்லது.

கப்ளரை மாட்டிவைத்தே பார்க்க வேண்டுமென்றால், எஞ்சின் ஓடும்போது பின்பக்கமாக ஊசி நுழைத்து ஈசியூ பக்கத்து ஹீட்டர் ஒயரில் வோல்ட் பாருங்கள். பேட்டரி வோல்ட் அப்படியே அசையாமல் நின்றால் ஹீட்டர் அறுபடவில்லை, சப்ளை இருக்கிறது, எர்த்தான் வரவில்லை. நடுவில் ஏதோ ஒரு அளவில் ஆடிக்கொண்டிருந்தால் ஈசியூ ஹீட்டரை இயக்குகிறது. அசையாமல் பூஜ்யம் என்றால் சப்ளை இல்லை, அல்லது ஹீட்டர் அறுந்திருக்கிறது, அல்லது ஈசியூ முழு எர்த் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மறு ஒயரில் 12 இருக்கிறதா, ஓம் எவ்வளவு என்று பார்த்தால் மூன்றில் எது என்று பிரிந்துவிடும்.

கோடிலும் ஒரு துப்பு உண்டு. பி0031, பி0037 ‘லோ’ வகை: பெரும்பாலும் சப்ளை இல்லை, ஹீட்டர் அறுந்தது, அல்லது எர்த் கட்டுப்பாட்டு ஒயர் பாடியில் தொட்டது. பி0032, பி0038 ‘ஹை’ வகை: அந்த ஒயர் 12 வோல்ட்டோடு சேர்ந்துவிட்டது, அல்லது ஹீட்டரே ஷார்ட். ஒவ்வொரு கம்பெனியும் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுவதால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

அறிகுறி: ஃபியூஸ் போட்டால் போய்விடுகிறது

பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். 10 ஆம்பியர் இடத்தில் 20 போட்ட வண்டியில் ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் வேகும்.

இரண்டு சென்சார் கப்ளரையும் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டு சாவியை ஆன் செய்யுங்கள். ஃபியூஸ் நின்றால் ஒவ்வொரு கப்ளராக மாட்டுங்கள். எதை மாட்டியதும் போகிறதோ அந்த சென்சாரின் ஹீட்டர் ஷார்ட், அல்லது கப்ளருக்கும் சென்சாருக்கும் நடுவே ஒயர் வெந்திருக்கிறது. இரண்டும் கழன்றிருக்கும்போதே ஃபியூஸ் போனால் வண்டி ஒயரிங்கில்தான் கோளாறு, அல்லது அதே ஃபியூஸில் இருக்கும் இன்னொரு வால்வில்.

ஒயர் வேகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். சைலன்சர் வேலைக்கோ கிளட்ச் வேலைக்கோ கழற்றிய வண்டியில் ஒயரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். ஒயர் தொங்கி மேனிஃபோல்டைத் தொடும். சிந்தட்டிக் உறை உருகி, தாமிரம் இரும்பில் ஒட்டியிருக்கும். குண்டும் குழியுமான இடத்தில் மட்டும் ஃபியூஸ் போகிறது என்றால் இதைத்தான் முதலில் தேட வேண்டும். விரலால் ஒயரைத் தடவிக்கொண்டே போனால் மொறுமொறுப்பாக இருக்கும் இடம் கையில் சிக்கும், கண்ணுக்கு முன்னால்.

அறிகுறி: மழை பெய்தாலோ வாட்டர் சர்வீஸ் செய்தாலோ லைட் வருகிறது, பிறகு போய்விடுகிறது

குற்றால சீசன் தொடங்கி ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை இந்த வகைதான் அதிகம். சென்சாரின்மேல் பழி போடத் தேவையே இல்லை. கப்ளரைத் திறந்து பாருங்கள்.

பின் சென்சாரின் கப்ளர் பல வண்டிகளில் தரைக்கு அடியில் இருக்கிறது. கொல்லம் பக்கமிருந்து மலை ஏறி வரும் மீன் லாரியின் பின்னால் கொஞ்ச தூரம் போனவர்களுக்குத் தெரியும், அந்த உப்புத் தண்ணீர் ரோடு முழுக்க ஒழுகிக்கொண்டே வரும். அதுதான் சக்கரம் தெறித்து கப்ளரில் போய் உட்கார்கிறது. திறந்தால் ஆரஞ்சு நிற ரப்பர் சீல் மடங்கியோ காணாமலோ இருக்கும். நாலு பின்னில் ஒன்றில் மட்டும் பச்சை மாவு போலப் படிந்திருக்கும். அது பெரும்பாலும் 12 வோல்ட் வரும் பின். சாவி ஆனில் இருக்கும்போதெல்லாம் அதில் கரண்ட் இருப்பதால் உப்பு முதலில் அதைத்தான் தின்கிறது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்துக் காயவையுங்கள். பின் மெலிந்து போயிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, பின்னையோ கப்ளரையோ மாற்றத்தான் வேண்டும். கப்ளருக்குள் கிரீஸை அள்ளி அப்புவது நம் ஊரில் பழக்கம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை ஒயருக்குள் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. கிரீஸும் எண்ணெயும் அந்த வழியில் ஏறினால் ஹீட்டரைக் காப்பாற்றப் போய் சிக்னலைக் கெடுத்த கதையாகிவிடும். நல்ல ரப்பர் சீல், சரியாக மாட்டிய பூட்டு, அது போதும்.

மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல் விட்டுவிட்டு வந்தால் எலியைச் சந்தேகப்படுங்கள். வயலோரத்திலும் ரப்பர் தோட்டத்திலும் நிற்கிற வண்டிக்கு எலி வராமல் இருக்காது. புகையிலைக் கட்டை பானெட்டுக்குள் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எஞ்சின் ஓடும்போது ஒயர்க்கட்டை ஒவ்வொரு சாணாகப் பிடித்து ஆட்டுங்கள். உதவிக்கு ஒருவர் 5 வாட் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பல்பு அணைந்த இடத்தில் டேப்பைப் பிரியுங்கள்.

அறிகுறி: மலைப்பாதையில் மட்டும் வருகிறது

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் வண்டிக்காரரிடம் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்: லைட் ஏறும்போது வந்ததா, இறங்கும்போதா, செக்போஸ்ட்டில் நிற்கும்போதா? பலர் “அந்தப் பக்கம்தான்” என்பார்கள். விடாதீர்கள். பதிலைப் பொறுத்து வேலையே மாறுகிறது.

எஸ் வளைவில் இரண்டாவது கியரில் ஏறும்போது புகைக் குழாய் நன்றாகக் காயும். அந்த நேரத்தில் ஹீட்டர் செத்திருந்தாலும் சென்சார் வேலை செய்யும். ஆகவே ஏறும்போதுதான் லைட் வருகிறது என்றால் சூட்டில் விரிந்து விட்டுப்போகிற ஏதோ ஒன்று: ஹீட்டர் கம்பியில் மயிரிழை விரிசல், அல்லது எஞ்சின் சாய்ந்து ஒயர் எங்கோ இழுபடுகிறது. காலையில் ஆறிய சென்சாரில் ஓம் சரியாகத்தான் வரும், அதனால் ஏமாந்துபோவோம். மேலே போய்வந்த கையோடு, சூடு குறையுமுன் கப்ளரைக் கழற்றி மறுபடி அளக்க வேண்டும். சூட்டில் ஓம் கூடுவது இயல்பு. ஆறியபோது 9 இருந்தது இப்போது 15, 18 என்று வந்தால் பயப்பட வேண்டாம். ‘ஓஎல்’ வந்தால் சென்சார் போய்விட்டது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

தென்மலைப் பக்கம் இறங்கும்போது கதை தலைகீழ். கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஈசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும். எஞ்சின் வெறும் காற்றை இழுத்துக் குழாயில் தள்ளும். சென்சார் ஆறத் தொடங்கும், அப்போது அதைச் சூடாக வைத்திருக்க வேண்டியது ஹீட்டர்தான். செக்போஸ்ட் வரிசையில் நெடுநேரம் ஐட்லிங்கில் நிற்கும்போதும் இதேதான். ஆகவே இறக்கத்திலும் வரிசையிலும் வருகிற கோடு ‘ஹீட்டர் இருக்கிறது, ஆனால் போதவில்லை’ என்கிறது. சப்ளையில் வோல்ட் குறைகிறதா என்று 21 வாட் பல்பை வைத்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜிங் சரியா என்றும் ஒருமுறை பாருங்கள். போனில் லைவ் டேட்டாவைத் திறந்து முன் சென்சார் வோல்ட்டைக் கவனித்தால் நேரிலேயே தெரியும். நாலு ஒயர் சென்சாரில் அது 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே சுறுசுறுப்பாக ஏறி இறங்க வேண்டும். ஐட்லிங்கில் சில நிமிடம் விட்டால் மெதுவாகிப் படுத்துவிடுகிறது, 2500 சுற்றில் ஒரு நிமிடம் பிடித்தால் உயிர் வருகிறது என்றால் ஹீட்டர் வேலை செய்யவில்லை. இறக்கத்தில் பெட்ரோல் நிற்கும்போது வோல்ட் பூஜ்யத்தை ஒட்டி விழுவது மட்டும் கோளாறு இல்லை. காலை மிதித்ததும் உடனே எழ வேண்டும், அவ்வளவுதான். வைட்பேண்டுக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

அறிகுறி: காலையில் பெட்ரோல் வாடை, சைலன்சர் முனையில் கரி, புகைச் சோதனையில் தோல்வி

இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் குறைந்தால் எல்லாரும் பங்க்கைத்தான் திட்டுகிறார்கள். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் கொஞ்சம் மைலேஜ் குறையத்தான் செய்யும். ஆனால் எத்தனால் கரி பிடிக்கவைக்காது. கரி இருந்தால் பெட்ரோல் மிதமிஞ்சிப் போகிறது.

ஹீட்டர் கோளாறு இதற்குக் காரணமா? தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிற வண்டியில் ஆம். சென்சார் கண் திறப்பதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. நன்றாகச் சூடான பிறகும் வாடையும் கரியும் இருந்தால் ஹீட்டரை விட்டுவிடுங்கள். கூலன்ட் வெப்பநிலை சென்சார், திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட், ஒழுகும் இன்ஜெக்டர், அழுக்கடைந்த ஏர் ஃபில்டர் என்று வேறு பட்டியல் அது.

பி.எஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உயர் ஐட்லிங்கில் லாம்ப்டா (காற்று-பெட்ரோல் விகித அளவு) 0.97 முதல் 1.03-க்குள் இருக்க வேண்டும். வரிசையில் நின்று எஞ்சின் ஆறிப்போன வண்டியை உடனே சோதித்தால், ஹீட்டரும் வேலை செய்யாதபோது, எண் தப்பிப்போவது சகஜம். சூடாக்கிக் கொண்டுபோனால் தேறிவிடும் என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. தேறும்தான், ஆனால் கோளாறு அப்படியேதான் இருக்கும். கன்வெர்ட்டர் அந்தக் கூடுதல் பெட்ரோலை எரித்து எரித்து வீணாகும், அதன் விலை சென்சார் விலையைப் போலப் பல மடங்கு.

அறிகுறி: புது சென்சார் போட்டும் அதே கோடு

மேலே சொன்ன சப்ளை, எர்த் சோதனைகளைச் செய்யாமல் மாற்றியிருந்தால் இப்போது செய்யுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். செய்துதான் மாற்றினீர்கள் என்றால் புது சென்சாரின் ஓமைப் பழையதன் சரியான அளவோடு ஒப்பிடுங்கள். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடல் சென்சாரைக் கொடுத்துவிடுகிறார்கள். 3 ஓம் எதிர்பார்க்கும் ஈசியூவுக்கு 13 ஓம் ஹீட்டர் போட்டால் கரண்ட் போதவில்லை என்று அதே கோடைத்தான் போடும்.

பழைய கப்ளரை வெட்டி ஒயர் சேர்க்கும் யுனிவர்சல் சென்சார் என்றால் நிறக் கணக்கை மறுபடி பாருங்கள். சாதாரண நாலு ஒயரில் ஹீட்டர் ஒயர் இரண்டும் இடம் மாறினாலும் பாதகமில்லை, வெறும் கம்பிதானே. ஹீட்டரும் சிக்னலும் மாறினால்தான் ஆபத்து, ஈசியூவே போகலாம். இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் கிரிம்ப் போட்டு சூட்டில் சுருங்கும் குழாய் ஏற்றுங்கள். பல சென்சார்களின் ஒயர் ஸ்டெயின்லெஸ் கலந்தது, ஈயம் ஒட்டியது போலக் காட்டிப் பிறகு கழலும்.

எல்லாம் சரி, 5 வாட் பல்பு மட்டும் எரியவே இல்லை என்றால் கப்ளரிலிருந்து ஈசியூ பின்வரை அந்த ஒயர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒயரும் நன்றாக இருந்தால் ஈசியூவுக்குள் இருக்கும் டிரைவர் போயிருக்கிறது. ஷார்ட்டான ஹீட்டரோடு பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டிய வண்டிகளில் இது நடக்கும். ஈசியூ ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி. அவரிடம் போகுமுன் பழைய ஷார்ட்டைச் சரிசெய்யாவிட்டால் புது டிரைவரும் அதே வழியில் போகும்.

சென்சாரைக் கழற்றுவதும் மாட்டுவதும்

எஞ்சின் கொதிக்கவும் கூடாது, சில்லிட்டும் இருக்கக் கூடாது. கை பொறுக்கும் சூட்டில் மரை எளிதாக விடும். துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தைய நாளே அடித்துவிட்டால் இன்னும் நல்லது. பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் ஸ்பானர், ஒயர் வெளியே வரப் பிளவு வைத்த சாக்கெட் இருந்தால் மரை மழுங்காது. கப்ளரைக் கழற்றாமல் சென்சாரைத் திருகினால் ஒயர் முறுக்கிக்கொள்ளும், புது சென்சாரிலும் இதேதான்.

புது சென்சாரின் மரையில் ஏற்கெனவே ஒட்டாமல் இருக்கும் பசை தடவியிருப்பார்கள். இல்லாவிட்டால் மரையில் மட்டும் கொஞ்சம் தடவுங்கள், துளை உள்ள முனையில் படக் கூடாது. இறுக்கம் 40-லிருந்து 50 நியூட்டன் மீட்டர். கீழே போட்ட சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் விரிந்திருந்தால் வெளியே தெரியாது. பக்கத்தில் கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் பசை போடும் வேலை இருந்தால் சென்சாருக்கு ஆகாத வகையைத் தவிர்த்து, சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் போட்டிருப்பதை வாங்குங்கள். ஒயரை முதலில் இருந்த கிளிப்பிலேயே மாட்டுங்கள். கிளிப் உடைந்திருந்தால் பிளாஸ்டிக் டை போட்டு மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க

கோடை அழித்துவிட்டு வண்டியை இரவு முழுக்க ஆறவிடுங்கள். காலையில் லைவ் டேட்டாவைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங்கிலேயே, ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் முன் சென்சார் வோல்ட் ஆடத் தொடங்கி, ‘க்ளோஸ்டு லூப்’ (சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ பெட்ரோலைத் திருத்தும் நிலை) வந்துவிட்டால் ஹீட்டர் வேலை செய்கிறது. பின் சென்சார் அதிகம் ஆடாது, அது அப்படித்தான். அன்றைக்கே லைட் வரவில்லை என்று நிம்மதியாக வேண்டாம். பல வண்டிகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கோளாறு தெரிந்தால்தான் லைட் எரியும். முதல் ஓட்டத்தில் அது ‘பென்டிங்’ பகுதியில் ஒளிந்திருக்கும். புளியரைவரை போய், ஆறவிட்டு, மறுநாள் காலையில் இன்னொரு ஓட்டம் ஓட்டிவிட்டு பென்டிங் பகுதியைத் திறந்து பாருங்கள். டாங்கிள் ‘ரெடினெஸ்’ (ஈசியூவின் சுயசோதனைகள் முடிந்தனவா என்ற பட்டியல்) காட்டினால் அதில் ஹீட்டர் மானிட்டர் முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் வண்டியைப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோகலாம்.